எழுபத்திரண்டில் கற்ற பூத்தொண்டு

வெள்ளிக்கிழமை விடியற்காலை. கும்பகோணத்தில் பொற்றாமரைக் குளத்தை அடுத்த தெரு ஒன்றில், பழைய ஓட்டு வீட்டின் கூடத்தில், ஓர் அம்மையார் பாய் விரித்து அமர்ந்திருக்கிறார். முன்னே நீர் தெளித்த வாழையிலையில் முல்லை மொட்டுகள் குவிந்து கிடக்கின்றன. பக்கத்துக் கிண்ணத்தில் வாழைநார் ஊறிக்கொண்டிருக்கிறது.

“இன்று என்ன கிழமை?” என்று அவர் கேட்கிறார்.

“வெள்ளிக்கிழமை” என்கிறார் எதிரே அமர்ந்திருக்கும் கணவர்.

நான்கு கண்ணி கட்டி முடிப்பதற்குள் அதே கேள்வி மீண்டும் வருகிறது. பெரியவர் அதே குரலில் அதே விடையைச் சொல்கிறார். பெங்களூரில் இருக்கும் மகளின் பெயர் அம்மையாருக்குச் சில நாள்களில் நினைவுக்கு வருவதில்லை. சற்று முன்பு காபி அருந்தியதும் நினைவில் இருப்பதில்லை. ஆயினும் அவருடைய விரல்கள் எதையும் மறக்கவில்லை. இடக்கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நாரைப் பற்றியிருக்க, இரண்டு மொட்டுகள் ஒரு புறமும் இரண்டு மொட்டுகள் மறு புறமுமாகக் காம்போடு காம்பு பொருந்துகின்றன. நார் ஒரு முறை சுற்றி, வலக்கை விரலில் வளையமாகி, காம்புகளின்மேல் விழுந்து இறுகுகிறது. அரைமணிப் பொழுதில் நான்கு முழச் சரம் இலையின்மேல் சுருண்டு கிடக்கிறது.

அந்தச் சரம் ஆதிகும்பேஸ்வரர் கோயிலில் எழுந்தருளியிருக்கும் மங்களாம்பிகைக்கு உரியது. 44 ஆண்டுகளுக்கு முன்னர் மணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது, அம்மையாரின் மாமியார் தம் கையிலிருந்த நாரை மருமகளின் கையில் கொடுத்துத் தொடங்கிவைத்த தொண்டு அது. பிள்ளைப்பேற்று மாதங்களும் தீட்டு நாள்களும் தவிர, ஒரு வெள்ளியும் அது நின்றதில்லை.

மூன்று ஆண்டுகளாகத்தான் மாற்றம். அடுப்பில் பால் பொங்கி வழிவதும், சொன்ன கதையையே மீண்டும் சொல்வதும் முதலில் வந்தன. பின்னர் ஒரு நாள், நாற்பது ஆண்டு நடந்து பழகிய கோயில் வாசற் கடை மண்டபத்தின் நடுவே, எந்தப் பக்கம் வீடு என்று தெரியாமல் நின்றுவிட்டார். அல்சைமர் என்னும் மறதிநோய் என்று தஞ்சை மருத்துவர் கூறினார். விரல்கள் மட்டும் வெள்ளிதோறும் தம் பணியைச் செய்துகொண்டிருந்தன. “இது எவ்வளவு நாளைக்கு?” என்ற கேள்வி பெரியவரை உறங்கவிடவில்லை.

மகள் தொலைபேசியில் சொன்னாள்: “அப்பா, கோயில் வாசலிலேயே கட்டிய பூ கிடைக்கிறதே. அம்மாவால் முடியாத அன்று அதை வாங்கிச் சாத்திவிடுங்களேன்.”

“கிடைக்கிறது அம்மா. சாத்தினால் அம்பாள் வேண்டாம் என்றா சொல்லப்போகிறாள்? ஆனால் உன் பாட்டி உன் அம்மாவிடம் கொடுத்தது பணம் இல்லையே, நார்தானே.”

அந்தத் தை மாதம், தம் எழுபத்திரண்டாம் வயதில், பெரியவர் பூத்தொடுக்கக் கற்கத் தொடங்கினார்.

அவர் கூட்டுறவு வங்கி ஒன்றில் 35 ஆண்டுகள் கணக்கராக இருந்தவர். எதையும் எழுதிவைத்துக் கற்பதே அவர் வழக்கம். மனைவியின் எதிரே அமர்ந்து, கவனித்ததை ஏழு படிகளாகக் குறிப்பேட்டில் எழுதினார். இரண்டு நாளில் ஏழு படிகளும் மனப்பாடம் ஆயின. புதிதாகக் கற்பவர் நாரின் நுனியைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு பழகுவது உண்டு. சுவாமிக்குரிய நாரில் கால் படலாகாது என்று அவர் ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டார். ஏழு படிகளை வாய் சொல்ல, கை செய்ய முயன்றது. இறுக்கினால் காம்பு ஒடிந்தது. தளர்த்தினால் சரத்தைத் தூக்கும்போதே மொட்டுகள் உதிர்ந்தன. இரண்டு வாரங்களுக்குப் பின்னும் ஒரு சாண் நீளம் தேறவில்லை. உதிர்ந்த மொட்டுகளை வீணாக்காமல் வீட்டுப் பூசையில் உதிரிப்பூவாகவே அர்ச்சித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போவார்.

மாசி மாதத்து வெள்ளி ஒன்றில் அது நிகழ்ந்தது. வேகமாகக் கட்டிக்கொண்டிருந்த மனைவியிடம், “அந்த வளையத்தை எந்த விரலில் எடுக்கிறாய்? கொஞ்சம் சொல்லேன்” என்று அவர் கேட்டார். அம்மையார் தம் கையைக் குனிந்து பார்த்தார். கை நின்றது. வளையத்தை எடுத்தார், விட்டார், மீண்டும் எடுத்தார். “எப்படிங்க கட்டுவேன் நான்?” என்று கணவரிடமே கேட்டார். அவர் கண்கள் கலங்கின. அன்று சரம் இரண்டு முழத்தோடு நின்றுபோயிற்று.

தம் கேள்வியே அந்தக் கடைசி நினைவையும் கெடுத்துவிட்டதோ என்று பெரியவர் அஞ்சினார். மறுநாள் காலையில் அம்மையார், வாசலில் வாங்கிய பூவைக் கண்டதும் தாமாகவே நாரை எடுத்துக் கட்டத் தொடங்கினார். அதன் பின்னரும் அச்சம் தீராமல், அடுத்த வாரம் தஞ்சைக்குச் சென்று மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னார்.

மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஒன்றும் கெடவில்லை, ஐயா. படிக்கட்டில் இறங்கும்போது எந்த முழங்காலை எப்போது மடக்குகிறோம் என்று எண்ணிப் பார்த்தால் யாருக்கும் கால் தடுமாறும். பழகிய கைக்குக் கேள்வி ஆகாது. உங்கள் மனைவியிடம் அது எப்படி என்று சொல்லும் நினைவு போய்விட்டது. செய்யும் நினைவு இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு.”

இரண்டும் வெவ்வேறு என்பதை உலகம் அறிந்துகொண்டது ஒரு தனிமனிதரின் துன்பத்தால். அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்குக் கடுமையான வலிப்பு நோய் இருந்தது. அதைத் தணிப்பதற்காக 1953-இல், அவருடைய 27-ஆம் வயதில், மூளையின் இரு பக்கங்களிலும் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியின் பெரும்பங்கை அறுவை செய்து நீக்கினார்கள். வலிப்பு தணிந்தது. ஆனால் அன்று முதல் எந்தப் புதிய நிகழ்ச்சியும் அவர் நினைவில் தங்கவில்லை. சற்று முன் சந்தித்தவரையும் புதியவராகவே வரவேற்றார். 2008-இல் காலமாகும் வரை அவர் நிலை அதுவே.

பிரெண்டா மில்னர் என்ற கனடா நாட்டு உளவியல் அறிஞர் அவரை ஆராய்ந்தார். தாளில் வரைந்த ஒரு நட்சத்திரத்தின் விளிம்பை, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பென்சிலால் வரைய வேண்டும். கை இடம் வலமாகத் தடுமாறும் பயிற்சி அது. மொலைசன் மூன்று நாள்கள் அதைச் செய்தார். ஒவ்வொரு நாளும் ‘இதை நான் முன்பு செய்ததே இல்லை’ என்ற நிலையிலேயே அமர்ந்தார். அவர் கையோ நாளுக்கு நாள் பிழை குறைத்துத் தேர்ந்துகொண்டே வந்தது. அறிவு அறியாமல் கை கற்றது.

நிகழ்ச்சிகளையும் பெயர்களையும் பதிவுசெய்ய ஹிப்போகேம்பஸ் வேண்டும். அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் பகுதிகளுள் அது ஒன்று. கைப்பழக்கத்தைக் காப்பவை வேறு பகுதிகள்: பிடரிக்கு மேலே அமைந்த சிறுமூளையும், பெருமூளையின் ஆழத்தில் உள்ள அடித்திரள்களும், அசைவை ஏவும் மேற்பரப்பும். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்கே உள்ள சிறுமூளையில் மட்டும் அவற்றுள் சுமார் 6,900 கோடி அடங்கியுள்ளன. உடலை நிறுத்தவும் நடத்தவும் பிழை திருத்தவும் அத்தனை அணுக்கள் பணிபுரிகின்றன.

இதையெல்லாம் கேட்டபின் பெரியவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். “அவளுக்கு நோய். அப்படியிருந்தும் கை செய்கிறது. எனக்கு நோய் இல்லை. என் கை ஏன் கற்க மறுக்கிறது?”

“நோய் இல்லை, ஐயா. வயது இருக்கிறது” என்றார் மருத்துவர். “அவர்கள் 44 ஆண்டு பழகியதை வைத்திருக்கிறார்கள். நீங்கள் புதிதாகக் கட்டுகிறீர்கள். வைத்திருப்பது எளிது, கட்டுவது கடினம்.”

வயது ஏறும்போது நிகழ்வனவற்றை அவர் ஒவ்வொன்றாக விளக்கினார். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள கொழுப்புறை மெலிவதால் செய்தி மெதுவாகச் செல்கிறது. விரல் நுனியின் தொடு உணர்வு மழுங்குவதால், நார் எவ்வளவு இறுகியது என்று கைக்குச் சரியாகத் தெரிவதில்லை. அசைவுகளைக் கோத்துப் பழக்கமாக்கத் துணைபுரியும் டோபமின் என்னும் பொருளின் இயக்கம் குறைகிறது. இளமையில் மூளையின் ஒரு சிறு பகுதி செய்த வேலைக்கு முதுமையில் பல பகுதிகள் சேர்ந்து உழைக்கின்றன. வேலை நடக்கிறது, களைப்பு மிகுகிறது. இளைஞர் ஒருவர் இன்று பயின்ற விரலசைவு, இரவு உறங்கி எழும்போது தானாகவே சிறிது தேர்ந்திருக்கும். முதியவருக்கு இந்த இரவுப் பயன் குறைந்துவிடுகிறது.

“அப்படியானால் என்னால் ஆகாது என்கிறீர்களா?”

“ஆகும். ஆனால் நீங்கள் சோர்ந்த மாட்டைப் பூட்டி உழுகிறீர்கள்” என்று மருத்துவர் சிரித்தார்.

கை கற்பதற்கு இரண்டு வழிகள் உண்டு என்றார் அவர். ஒன்று, அறிவு விதி வகுத்துக் கையை ஏவுவது: ‘இந்த விரல், இந்தப் பக்கம், இப்போது இறுக்கு’ என்று. இதற்கு நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளை உழைக்க வேண்டும். வயதில் முதலில் தளர்பவற்றுள் இது ஒன்று. மற்றொன்று, சிறுமூளை செய்வது. கை எண்ணியதற்கும் செய்ததற்கும் உள்ள வேறுபாட்டை நமக்குத் தெரியாமலே அளந்து, அடுத்த முறை சிறிது திருத்திக்கொள்ளும். முதியவர்களிடம் இந்த இரண்டாம் வழி பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. முதல் நாள்களில் விதி வேண்டும். எந்நாளும் விதியையே பிடித்துக்கொண்டிருந்தால், தளர்ந்த துணையின்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றியதாகும்.

ஜெர்மனியில் நடந்த ஆய்வு ஒன்றையும் அவர் சொன்னார். மூன்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தையை இளைஞர்களுக்கு மூன்று மாதம் பயிற்றினார்கள். ஓடும் பொருளைக் காணும் மூளைப் பகுதி அவர்களுக்குச் சிறிது பருத்திருந்தது. அந்த ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. பின்னர் அறுபது வயதை ஒட்டியவர்களுக்கும் அதே பயிற்சியை அளித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். முதியவர்களுள் பலர் இளைஞர் அளவுக்குத் தேறவில்லை. ஆயினும் வித்தை கைவந்தவர்களின் மூளையில் அதே வகை மாற்றம் காணப்பட்டது. பயிற்சியை விட்ட சில மாதங்களில், பருத்த பகுதி இரு சாராருக்கும் மீண்டும் சுருங்கியது.

பெரியவர் தலையசைத்தார். கோயில் தொண்டுக்கு ‘நித்தியம்’ என்று ஏன் பெரியோர் பெயரிட்டார்கள் என்பது அவருக்கு வேறொரு பொருளில் விளங்கியது.

எழுந்துகொள்ளும்போது கடைசியாக ஒன்று கேட்டார். “அவள் கை எவ்வளவு நாள் செய்யும்?”

“மற்ற நினைவுகளைவிட நெடுநாள் செய்யும். முடிவு வரை செய்யும் என்று என்னால் சொல்ல முடியாது, ஐயா.”

தஞ்சையிலிருந்து திரும்பும் பேருந்தில் அவர் கணக்குப் போட்டார். ஆடி வெள்ளிக்கு ஐந்து மாதம் இருந்தது.

அன்று முதல் குறிப்பேடு அலமாரிக்குள் போயிற்று. ஒரே நேரத்தில் இரண்டு மணி அமர்ந்து சலிப்பதை விட்டு, காலையில் இருபது நிமிடம், பிற்பகலில் இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டார். கண்ணுக்கு வெளிச்சம் வேண்டுமென்று முற்றத்துத் தாழ்வாரத்துக்கு வந்தார். விரல் காய்ந்திருந்தால் நாரின் இறுக்கம் தெரிவதில்லை என்று கண்டு, கையை நனைத்துக்கொண்டே கட்டினார். முல்லையின் சிறு காம்பை விட்டு, காம்பு நீண்ட சாதிமல்லியில் தொடங்கினார். பூக்காரப் பெண்மணி அதை அறிந்து, “ஐயாவுக்கு நீளக் காம்பாப் பார்த்துப் பொறுக்கி வெச்சிருக்கேன்” என்று கூடையின் ஓரத்தில் தனியே எடுத்துவைத்தார்.

மற்றொரு மாற்றம் இவை எல்லாவற்றையும்விடப் பயன் தந்தது. அதுவரை மனைவியின் எதிரே அமர்ந்து கற்றார். எதிரே அமர்ந்தால் அவருடைய வலம் இவருக்கு இடமாகத் தெரியும். கண் கண்டதை மனம் திருப்பிப் போட்டுத்தான் கைக்குத் தர வேண்டும். மொலைசன் கண்ணாடியைப் பார்த்து வரைந்தது போன்ற சிரமம் அது. இப்போது மனைவியின் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்ட அமர்ந்தார். அந்தக் கையும் இந்தக் கையும் ஒரே திசையில் இயங்கின. அவர் எதையும் கேட்கவில்லை. பார்த்தார், கட்டினார், பிரித்தார், மீண்டும் கட்டினார்.

பங்குனியில் ஒரு நாள், அவர் தளர விட்டிருந்த கண்ணி ஒன்றைக் கண்ட அம்மையார், கை நீட்டி அந்த நாரை ஒரு முறை சுண்டி இழுத்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். அன்று காலை முழுவதும் கணவரின் முகம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பிழையான கண்ணி தெரிந்தது. அந்த ஒரு சுண்டலில், எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு பெரியவரின் விரலுக்கு வந்தது. ஏழு படிகளில் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

ஒரு கண்ணிக்கு ஐந்து அசைவுகள் இருப்பதைச் சித்திரையில்தான் அவர் உணர்ந்தார். ஒரு புறம் இரண்டு மொட்டு, மறு புறம் இரண்டு மொட்டு, சுற்று, வளையம், இறுக்கம். ஐந்துக்கும் ஐந்தெழுத்தை ஓதலாமே என்று தோன்றிற்று. ஓதிப் பார்த்தார். நாமம் சொன்னால் நார் நழுவியது. நாரைப் பிடித்தால் நாமம் நின்றது. இறைவன் திருநாமத்தைக்கூடச் சொல்ல இயலவில்லையே என்று வருந்தினார்.

வருந்த வேண்டியதில்லை, அது முதுமையின் இயல்பு. புதிய அசைவு இன்னும் அறிவின் முழுக் கவனத்தையும் கேட்கிறது. இரண்டாவது வேலைக்கு இடம் இல்லை. சுவீடனில் 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று இதை எளிமையாகக் காட்டியது. நடந்துகொண்டிருக்கும்போது யாரேனும் பேச்சுக் கொடுத்தால், முதியவர்களுள் சிலர் பேசுவதற்காக நின்றுவிடுகிறார்கள். அப்படி நிற்பவர்களே அடுத்த ஆறு மாதத்தில் மிகுதியாக விழுந்தார்கள். நடையே அவர்களின் சிந்தனையைச் செலவழித்துக்கொண்டிருந்தது என்பது பொருள். திருக்கோயில் படிகளில் ஏறும்போதும், எண்ணெய் சிந்திய பிராகாரத்தில் வலம் வரும்போதும் முதியோர் பேச்சை நிறுத்தி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு காலில் மனத்தை வைப்பது நல்லது. பேச்சைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பெரியவர் நாமத்தை நிறுத்திவிட்டு நாரில் மனம் வைத்தார். வைகாசி போயிற்று. ஆனி மாதத்தில் ஒரு பிற்பகல், கட்டிக்கொண்டிருக்கும்போது தம் வாய் தானாகவே ‘நமசிவாய’ என்று முணுமுணுப்பதைத் திடீரென்று கேட்டார். எத்தனை கண்ணிகளாக அது நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தார். ஒன்றரை முழம் கட்டியிருந்தார். தூக்கினார். மூன்று மொட்டுகள் மட்டுமே உதிர்ந்தன. நாமத்துக்கு இடம்விட்டு, வேலையைக் கை தனியே ஏற்றுக்கொண்டிருந்தது.

இளமையில் கற்றிருந்தால் சில வாரத்தில் வந்திருக்கும். அவருக்கு ஐந்து மாதம் ஆயிற்று. வந்தபின் இரண்டுக்கும் வேறுபாடு பெரிதில்லை. நாற்பது வயதுவரை பூத்தொடாத கையும் எழுபது வயதுவரை பூத்தொடாத கையும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன. ஒன்று விரைந்து போகிறது, ஒன்று சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறது.

திருப்புகலூரில் முருக நாயனார் விடியுமுன் நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நால்வகை மலர்களையும் கொய்து, மாலைகளாகத் தொடுத்துச் சாத்திய வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகிறது. அதே திருப்புகலூரில்தான் திருநாவுக்கரசர் தம் முதிர்ந்த வயதிலும் கையில் உழவாரம் ஏந்திப் பணி செய்து இறைவன் திருவடி சேர்ந்தார். வாயால் பாடி உலகை உருக்கியவர், கை தளர்ந்த பருவத்திலும் கைத்தொண்டை விடவில்லை. முதுமைக்கு நினைத்தலும் ஓதலும் போதும் என்று எண்ணுவோர்க்கு அந்த உழவாரம் ஒரு விடை.

கோலம் போடவோ, தாளம் போட்டுப் பாடவோ, விளக்குத் திரி திரிக்கவோ, பூத்தொடுக்கவோ இனிமேல் கற்கலாமா என்று தயங்கும் பெரியோர்க்குப் பெரியவரின் பட்டறிவு உதவும். நாள்தோறும் ஒரே வேளையில், களைப்பு வருமுன் நிறுத்தும் அளவுக்குச் சிறிது நேரம் பயில வேண்டும். கற்பிப்பவரின் எதிரே அமராமல் பக்கத்தில் அமர வேண்டும். முதலில் பெரியதும் எளியதுமான பொருளில் தொடங்க வேண்டும். பயிலும்போது வேறு பேச்சு வேண்டாம். நேற்று வந்தது இன்று வரவில்லை என்றால் அஞ்ச வேண்டாம். நாளையும் அமர்ந்தால் போதும். வீட்டில் மறதிநோய் உள்ளவர் இருந்தால், அவர் கை அறிந்த வேலையை ‘உனக்கு எதற்குச் சிரமம்’ என்று பறித்துவிட வேண்டாம். தொடக்கத்தை எடுத்துக்கொடுத்து, கேள்வி கேட்காமல் அருகில் இருந்தால், அந்தக் கை தன் வழியைப் பெரும்பாலும் கண்டுகொள்ளும்.

ஆடி முதல் வெள்ளியும் வந்தது. அதிகாலையில் பெரியவர் நாரை நனைத்து, முல்லையை இலையில் கொட்டினார். அம்மையார் பாயில் அமர்ந்து நாரை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். எடுத்தது எதற்கு என்று தெரியவில்லை. கூடத்துக் கடிகாரம் ஐந்து அடித்தது. அவர் அப்படியே இருந்தார்.

பெரியவர் பக்கத்தில் அமர்ந்தார். தாமே தொடங்கினார். ஒரு முழம், இரண்டு முழம் என்று சரம் வளர்ந்தது. பிறகு, தாம் கட்டிக்கொண்டிருந்த சரத்தின் முனையை மனைவியின் இடக்கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து, இரண்டு மொட்டுகளையும் வைத்தார்.

“இது யாருக்குங்க?” என்றார் அம்மையார்.

“அம்பாளுக்கு.”

“நான் கட்டட்டுமா?”

“கட்டேன்.”

விரல்கள் அசைந்தன. அடுத்த இரண்டு மொட்டுகளை அவரே எடுத்தார். அதன் பிறகு யாரும் எதுவும் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு முழம் கட்டி முடித்து நாரை முடிச்சிட்டார்.

கோயிலில் மங்களாம்பிகை சந்நிதியில் குருக்கள் வெற்றிலைத் தட்டில் சரத்தை வாங்கிக்கொண்டார். “அம்மா கட்டியதுதானே?” என்று வழக்கம்போல் கேட்டார்.

“பாதி” என்றார் பெரியவர்.

குருக்கள் ஒரு கணம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே சென்று அம்பிகையின் திருமேனியில் சாத்தினார். தீபாராதனை ஒளியில் சரம் முழுவதும் தெரிந்தது. ஒரு பாதி நெருங்கி வரிசையாக இருந்தது. மறு பாதி இடையிடையே பச்சை நார் தெரிய, சற்றுத் தொய்ந்திருந்தது. மற்ற அடியார்கள் யாரும் அதைக் கண்டிருக்க மாட்டார்கள். பெரியவர் கண்டார். கைகூப்பியபடியே, வளையத்தை இன்னும் சற்று முன்னதாக இறுக்க வேண்டும் என்று அவர் விரல்கள் எண்ணின.

வீட்டுக்குத் திரும்பியதும் பிரசாதக் குங்குமத்தை மனைவியின் நெற்றியில் இட்டார். “இன்று என்ன கிழமை?” என்று அவர் கேட்டார். வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டு, பெரியவர் மறுநாள் பயிற்சிக்கு நாரைக் கிழித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தார்.

அடுத்த வெள்ளியன்று அவர் மூன்று முழம் கட்டினார். அம்மையார் ஒரு முழம்.